பாலி 'எய்ட் பால்' (1977) பவர் சப்ளை பழுது: போர்டையே மாற்றுவதா, இருப்பதைச் சரிசெய்வதா?

#1 நீலக்குமிழ் (மிசிசாகா)

அனைவருக்கும் வணக்கம். ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் நெடுங்காலமாக ஓட்டமின்றிக் கிடந்த பாலி நிறுவனத்தின் 'எய்ட் பால்' பின்பால் (பந்தை அடித்து ஆடும்) இயந்திரத்தை வாங்கியிருக்கிறேன். 1977-இல் வந்தது. பின்கண்ணாடி ஓவியம் அருமையாக இருக்கிறது, ஆடுதளமும் மோசமில்லை. மின்சாரப் பக்கம்தான் கவலை.

சுவிட்சைப் போட்டதும் பாதி விளக்குகள் மங்கலாக எரிந்தன. எண்காட்டிகள் இருண்டே கிடந்தன. இயந்திரத்தின் மூளையான எம்பியு போர்டில் இருக்கும் சிவப்பு எல்இடி விட்டுவிட்டு மின்னாமல் ஒரே மாதிரி எரிந்துகொண்டிருந்தது. உடனே அணைத்துவிட்டேன்.

பின்பெட்டியைத் திறந்து பார்த்தேன். டிரான்ஸ்ஃபார்மரோடு இருக்கும், ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயர் போர்டு ஓரிடத்தில் பழுப்பேறியிருக்கிறது. ஒரு கனெக்டரின் வெள்ளைப் பிளாஸ்டிக் மூலையில் கருகியிருக்கிறது. எஃப்4 என்று குறித்த இடத்தில் 5 ஆம்பியர் ஃபியூஸ் இருக்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கிறது, உள்ளே இருப்பதோ 15 ஆம்பியர். அதுவும் போய்விட்டது, கண்ணாடி உள்பக்கம் கறுத்திருக்கிறது.

புதிய ரெக்டிஃபயர் போர்டும் மின்னழுத்தத்தைச் சீராக்கும் புதிய ரெகுலேட்டர் போர்டும் முழுதாகவே விற்கிறார்கள். இரண்டையும் வாங்கிப் பொருத்திவிடலாமா? அல்லது இருப்பதையே சரிசெய்யலாமா? சால்டர் வைக்கத் தெரியும், நல்ல மல்டிமீட்டர் இருக்கிறது.

#2 மின்மாற்றி (சிகாகோ)

தம்பி, அணைத்தது நல்ல காரியம். மறுபடி போடாதீர்கள். எதையும் வாங்கவும் வேண்டாம்.

முதலில் பிளக்கைச் சுவரிலிருந்து உருவுங்கள். சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைத்துக் கை வைக்கக் கூடாது. பழைய இயந்திரத்தில் சுவிட்ச் வரை வரும் கம்பியில் எப்போதும் மின்சாரம் இருக்கும். எண்காட்டிகளுக்குப் போகும் மின்னழுத்தம் 200 வோல்ட்டுக்கு அருகில். அந்தச் சுற்றில் இருக்கும் 350 வோல்ட் கெபாசிட்டர், பிளக்கை எடுத்த பிறகும் மின்னேற்றத்தைப் பிடித்துவைத்திருக்கும். தொடுமுன் மீட்டரை வைத்து வற்றிவிட்டதா என்று பாருங்கள். இந்த வேலையில் ஆளைக் கொல்லக்கூடிய இடங்கள் இவை இரண்டும்தான்.

இப்போது போர்டைப் புரிந்துகொள்ளுங்கள். உங்கள் இயந்திரத்தில் இருப்பது ஏஎஸ்-2518-18 ரெக்டிஃபயர் போர்டு. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் மின்சாரத்தை ஐந்தாகப் பிரிக்கிறது. ஆட்டத்தின்போது அணைந்து எரியும் விளக்குகளுக்கு 5.4 வோல்ட். எண்காட்டிகளுக்கு 230 வோல்ட், ரெகுலேட்டர் போர்டு அதைக் குறைத்துக் கொடுக்கும். மின்னணு போர்டுகளுக்கு 11.9 வோல்ட். எப்போதும் எரியும் விளக்குகளுக்கு 7.3 வோல்ட், இது மட்டும் ஏசி, சுமை ஏறியதும் 6.3-க்கு இறங்கும். பந்தைத் தள்ளும் மின்காந்தங்களான காயில்களுக்கு 43 வோல்ட். ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ், தனிச் சோதனைப் புள்ளி.

எல்லா ஃபியூஸையும் எடுத்துவிடுங்கள். போர்டில் அச்சிட்ட அளவிலேயே புதியவை வாங்குங்கள். எஃப்4 தாமதமாக உருகும் வகை. காயில்கள் இழுக்கும்போது ஒரு நொடி மின்னோட்டம் எகிறும், சாதாரண வகையைப் போட்டால் காரணமில்லாமலே போகும்.

பிறகு போர்டிலிருந்து வெளியே போகும் கனெக்டர்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, சரியான ஃபியூஸ்களோடு மின்சாரம் கொடுத்து, சோதனைப் புள்ளிகளை அளந்து எழுதுங்கள். சுமையில்லாததால் எல்லாம் சற்றுக் கூடுதலாகவே காட்டும். அந்த எண்களை இங்கே போடுங்கள், பிறகு பேசலாம்.

கறுத்த ஃபியூஸ் ஒரு சாட்சி, தூக்கி எறியாதீர்கள். மெல்ல மெல்லச் சூடாகிப் போன ஃபியூஸில் கம்பி நடுவில் தொய்ந்து அறுந்திருக்கும், கண்ணாடி தெளிவாக இருக்கும். கண்ணாடி கறுத்து உலோகம் தெறித்திருந்தால் ஒரே அடியில் பெரும் மின்னோட்டம் பாய்ந்திருக்கிறது என்று பொருள். 15 ஆம்பியரையும் அப்படி அடித்திருக்கிறது என்றால் 43 வோல்ட் வழியில் எங்கோ கடுமையான குறுக்குச்சுற்று இருக்கிறது.

#3 ஈயப்பற்று (நியூ ஜெர்சி)

மின்மாற்றி ஐயாவின் அனுபவத்துக்கு மரியாதை கொடுத்தே மாற்றுக்கருத்தைச் சொல்கிறேன்.

இந்த போர்டுக்கு வயது ஏறக்குறைய அரை நூற்றாண்டு. வெப்பத்தில் வெந்து வெந்து செம்புப் பாதைகள் தளத்திலிருந்து பெயரத் தயாராக இருக்கும். சால்டர் அயர்னை வைத்தால் கையோடு வரும். ஃபியூஸ் கிளிப்புகள் பிடிமானம் இழந்திருக்கும். ஏசியை டிசியாக மாற்றும் பிரிட்ஜ்கள் போர்டோடு ஒட்டி உட்கார்ந்து அதையே சுட்டுக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாக மாற்றி முடித்தால் பழைய போர்டில் எஞ்சுவது அட்டை மட்டும்தான்.

இன்று கிடைக்கும் மாற்று போர்டுகளில் செம்பு தடிமனாக இருக்கிறது, 35 ஆம்பியர் பிரிட்ஜ்களுக்குத் தனி வெப்பத்தகடு இருக்கிறது, ஒவ்வொரு ஃபியூஸுக்கும் ஒரு எல்இடி இருக்கிறது. எந்த வழி செத்தது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். வீட்டில் குழந்தைகள் விளையாடும் இயந்திரத்துக்குப் பாதுகாப்பு முக்கியம். நான் மாற்றத்தான் சொல்வேன்.

#4 மின்மாற்றி (சிகாகோ)

ஈயப்பற்று சொல்வதில் ரெக்டிஃபயர் போர்டைப் பற்றிய பகுதியை ஒப்புக்கொள்கிறேன். போர்டு கரியாகிவிட்டால் மாற்றத்தான் வேண்டும். கரி மின்சாரத்தைக் கடத்தும், சுரண்டி ஒட்டுப்போட்டு ஓட்டக் கூடாது.

என் மறுப்பு வேறு. கனெக்டர் ஏன் கருகியது, ஃபியூஸ் ஏன் போனது என்று தெரியாமல் புதிய போர்டைப் பொருத்தினால், அதே கருகிய கனெக்டர்தான் புதிய ஊசிகளில் போய் உட்காரும். கொஞ்ச நாளில் புதிய போர்டும் அதே மூலையில் பழுப்பேறும். விலை கொடுத்து வாங்கிய போர்டை அப்படிக் கொண்டுவந்து காட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன், மனம் கொதிக்கும்.

கணக்காகவே சொல்கிறேன். எப்போதும் எரியும் விளக்குகளில் பழைய வழக்கப்படி 44 எண் பல்பு இருக்கும். ஒவ்வொன்றும் 6.3 வோல்ட்டில் கால் ஆம்பியர் எடுக்கும். 40 பல்பு இருந்தால் 10 ஆம்பியர். அது ஒரு சில ஊசிகள் வழியாகத்தான் போக வேண்டும். ஓர் ஊசிக்கு 5 ஆம்பியர் என்று வையுங்கள். ஊசிக்கும் கனெக்டர் உள்ளே இருக்கும் தகட்டுக்கும் நடுவே துரு சேர்ந்து பத்தில் ஒரு ஓம் தடை வந்தால், அங்கே மட்டும் இரண்டரை வாட் வெப்பம். மிளகளவு இடத்தில் இரண்டரை வாட். சூடானால் தகட்டின் பிடி தளரும், பிடி தளர்ந்தால் தடை கூடும், தடை கூடினால் இன்னும் சூடாகும். உங்கள் கனெக்டரின் மூலை கருகியது இப்படித்தான். பாதி விளக்கு மங்கலாக எரிந்ததும் இதனால்தான்.

ஆகவே வேலை வரிசை: கருகிய கனெக்டரின் உறையை வெட்டிவிட்டுப் புதியது, உள்ளே மூன்று பக்கமும் பிடிக்கும் புதிய தகடுகள், போர்டு பக்கம் புதிய ஊசிகள். இரண்டு பக்கத்தையும் மாற்ற வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் மாற்றினால் பழைய பக்கம் புதியதைக் கெடுக்கும். தகடுகளைக் கம்பியோடு கருவியால் நெரித்துப் பொருத்துங்கள், சாதாரண குறடு வேண்டாம். கம்பியின் முனை கறுத்திருந்தால் பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டுங்கள்.

பல்புகளையும் 47 எண்ணுக்கு மாற்றிவிடுங்கள். அது 0.15 ஆம்பியர்தான் எடுக்கும். 10 ஆம்பியர் 6 ஆகிவிடும். வெளிச்சம் சிறிது குறையும், பின்கண்ணாடி ஓவியத்துக்கு அது நல்லதும்கூட. பல்பு சூட்டில் பெயிண்ட் உரிந்த கண்ணாடிகள் ஏராளம்.

#5 நீலக்குமிழ் (மிசிசாகா)

கனெக்டர்களைக் கழற்றிவிட்டு அளந்தேன். ஐந்து வழியும் உயிரோடு இருக்கின்றன, எல்லாம் அச்சிட்டதைவிடச் சற்று அதிகம். எஃப்4-இல் 5 ஆம்பியர் ஃபியூஸ் அப்படியே நிற்கிறது. ஆக ரெக்டிஃபயர் போர்டில் குறுக்குச்சுற்று இல்லை என்று கொள்ளலாமா?

பழுப்பேறிய இடத்தைத் துடைத்துப் பார்த்தேன். நிறம்தான் மாறியிருக்கிறது, கரி இல்லை, செம்பு நன்றாக ஒட்டியிருக்கிறது. ஊசிகளைச் சுற்றிய ஈயத்தில் மட்டும் மெல்லிய வட்ட விரிசல்கள் தெரிகின்றன.

கனெக்டரை நீங்கள் சொன்னபடி மாற்றிவிட்டேன். பிறகு எஃப்4-ஐ எடுத்து வைத்துவிட்டு மற்றவற்றை இணைத்தேன். விளக்குகள் முழுதாக எரிகின்றன! ஆனால் எம்பியு எல்இடி இன்னும் ஒரே மாதிரி எரிகிறது. ரெகுலேட்டர் போர்டில் 5 வோல்ட் புள்ளியில் 4.8 காட்டுகிறது. இது போதாதா?

#6 மின்மாற்றி (சிகாகோ)

ரெக்டிஃபயர் போர்டு பிழைத்தது, மகிழ்ச்சி. விரிசல் விட்ட ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவையுங்கள். பழையதைச் சூடாக்கி உருக்குவது மட்டும் போதாது.

4.8 என்பதை நம்பாதீர்கள். மீட்டர் சராசரியைத்தான் காட்டும். அதே போர்டில் டிபி5 என்று ஒரு புள்ளி இருக்கும், 11.9 வோல்ட் சீராக்கப்படாமல் வந்து சேரும் இடம். அங்கே மீட்டரை ஏசிக்கு மாற்றி அளந்து சொல்லுங்கள்.

#7 நீலக்குமிழ் (மிசிசாகா)

டிசியில் 10 சொச்சம். ஏசியில் 1.6 வோல்ட்.

#8 ஈயப்பற்று (நியூ ஜெர்சி)

கெபாசிட்டர் காய்ந்துவிட்டது, நானே சொல்லிவிடுகிறேன்.

அந்த போர்டில் உருளையாக நிற்கும் பெரிய கெபாசிட்டர், சி23. அளவு 11,700 மைக்ரோஃபாரட், 20 வோல்ட். பிரிட்ஜிலிருந்து மின்சாரம் நொடிக்கு 120 அலைகளாக வருகிறது. இரண்டு அலைகளுக்கு நடுவே வரும் பள்ளத்தைக் கெபாசிட்டர் நிரப்ப வேண்டும். 2 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்தால், நல்ல கெபாசிட்டரில் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வித்தியாசம் சுமார் 1.4 வோல்ட். மீட்டர் ஏசியில் அதை ஏறக்குறைய 0.4 என்று காட்டும். உங்களுக்கு 1.6 வருகிறது. அப்படியானால் வித்தியாசம் 5 வோல்ட்டைத் தாண்டுகிறது, கெபாசிட்டரில் கால்பங்குதான் மிச்சம்.

அடுத்து இருப்பது எல்எம்323கே ரெகுலேட்டர். உள்ளே வருவது ஏழரை வோல்ட்டாவது இருந்தால்தான் அது 5 வோல்ட்டை நிறுத்திப் பிடிக்கும். பள்ளத்தில் உள்வரவு அதற்குக் கீழே இறங்குகிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் 5 வோல்ட் சரிகிறது, நுண்செயலி திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்குகிறது. நொடிக்கு 120 முறை நடப்பதால் கண்ணுக்கு எல்இடி ஒரே மாதிரி எரிவதாகத் தெரிகிறது.

15,000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் போடுங்கள். இதைவிடப் பல மடங்கு பெரிதாகப் போட ஆசைப்படாதீர்கள். சுவிட்ச் போட்டதும் அதை நிரப்பப் பாயும் மின்னோட்டம் பிரிட்ஜைத் தாக்கும். கூட்டல் கழித்தல் முனைகளை இருமுறை பாருங்கள்.

ரெகுலேட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. 11.9-இலிருந்து 5-க்கு இறக்குவதில் மிஞ்சும் 7 வோல்ட்டையும் அது சூடாகத்தான் வெளியேற்றுகிறது. 2 ஆம்பியருக்கு 14 வாட். கையால் தொட முடியாத சூடு அதற்கு இயல்பு. சூடாக இருக்கிறதே என்று மாற்ற வேண்டாம். வெப்பத்தகட்டுக்கும் அதற்கும் நடுவே பூசிய பசை காய்ந்திருந்தால் புதிதாகப் பூசுங்கள்.

#9 கதிரொளி (பெர்லின்)

இடையில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று.

இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவிலிருந்து நேராக வந்த இயந்திரம் என்றால் டிரான்ஸ்ஃபார்மரின் முதல்நிலைச் சுற்றில் கம்பி இணைப்புகளை மாற்ற வேண்டும். எந்த முனையை எதோடு சேர்ப்பது என்பது இயந்திரத்தோடு வரும் வரைபடத்தில் இருக்கும், ஊகித்துச் செய்யக் கூடாது. சுவர் மின்சாரத்தின் ஃபியூஸையும் பாதியாகக் குறைக்க வேண்டும். மின்னழுத்தம் இரட்டித்தால் மின்னோட்டம் பாதி, பழைய ஃபியூஸை விட்டுவைத்தால் காவல் இல்லாத மாதிரிதான்.

50 ஹெர்ட்ஸில் நொடிக்கு 100 அலைகள். ஈயப்பற்று போட்ட அதே கணக்கில் 1.4 வோல்ட் 1.7 ஆகும். அமெரிக்காவில் தட்டுத்தடுமாறி ஓடிக்கொண்டிருந்த பழைய கெபாசிட்டர் இங்கே வந்ததும் நின்றுபோவது இதனால்தான். கப்பலில் வந்த அதிர்ச்சியில் போர்டு கெட்டுவிட்டது என்று பலர் தவறாக நினைக்கிறார்கள்.

என் கேள்வியும் ஒன்று உண்டு. என்னிடம் இருப்பது 1990-இல் வந்த வில்லியம்ஸ் 'ஃபன்ஹவுஸ்'. பந்தை அடிக்கும் இரண்டு ஃபிளிப்பரையும் சேர்த்து அடித்தால் இயந்திரம் முதலிலிருந்து தொடங்குகிறது. 5 வோல்ட்டைச் சற்று ஏற்றித்தரும் சிறிய இடைச்செருகு போர்டு ஒன்று விற்கிறார்கள். போடலாமா?

#10 நீலக்குமிழ் (மிசிசாகா)

கெபாசிட்டர் மாற்றியாயிற்று. டிபி5-இல் டிசி 11.8, ஏசி 0.4. ரெகுலேட்டருக்குப் பிறகு 5.02.

எல்இடி இப்போது மின்னுகிறது! முதலில் ஒரு துடிப்பு, பிறகு ஒவ்வொன்றாக ஆறு மின்னல். அதோடு நின்றுவிடுகிறது. ஏழு வர வேண்டும் என்று படித்திருக்கிறேன். எம்பியு போர்டும் கெட்டுவிட்டதா?

#11 மின்மாற்றி (சிகாகோ)

தம்பி, எம்பியு நன்றாக இருக்கிறது, வாழ்த்துகள். ஒவ்வொரு மின்னலும் ஒரு சோதனையில் தேறியதற்கு அடையாளம். நினைவகம், இணைப்புச் சில்லுகள், எண்காட்டிகளின் நேரச்சுற்று எல்லாம் தேறிவிட்டன. ஏழாவது சோதனைக்குக் காயில்களின் 43 வோல்ட் வழியிலிருந்து எம்பியு போர்டுக்கு ஒரு சைகை வர வேண்டும். நீங்கள் எஃப்4-ஐ எடுத்து வைத்திருக்கிறீர்களே, எப்படி வரும்? இந்த ஒரு விஷயம் தெரியாமல் நல்ல எம்பியு போர்டை விற்றுவிட்டவர்கள் உண்டு.

இனிதான் கறுத்த ஃபியூஸின் கதை. பிளக்கை எடுத்துவிட்டு ஒவ்வொரு காயிலின் தடையையும் அளந்து பாருங்கள். 2 ஓமுக்குக் கீழே காட்டினால் காயில் உள்ளே வெந்துவிட்டது. ஃபிளிப்பர் காயில்களில் மட்டும் வேறுமாதிரி இருக்கும், இரண்டு சுற்று இருப்பதால். ஆடுதளத்தின் அடியில் காயில்களுக்குத் தனியாக 1 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று இருக்கும், அதில் என்ன போட்டிருக்கிறார்கள் என்றும் பாருங்கள்.

கதிரொளிக்கு: போடாதீர்கள் அம்மா, இப்போதைக்கு. அந்த இயந்திரத்தில் 5 வோல்ட் ஏறக்குறைய 4.6-க்கு இறங்கினால் எம்சி34064 என்ற காவல் சில்லு செயலியை நிறுத்தி மறுபடி தொடங்கவைக்கும். ஃபிளிப்பர்கள் இழுக்கும்போது டிரான்ஸ்ஃபார்மர் மொத்தமும் ஒரு கணம் தளர்கிறது, உங்கள் 5 வோல்ட் வழியில் அதைத் தாங்கும் மிச்சம் இல்லை. மிச்சத்தைத் தின்பது பவர் டிரைவர் போர்டின் பிஆர்2 பிரிட்ஜாக இருக்கலாம், சி5 கெபாசிட்டராக இருக்கலாம், டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் ஜே101 கனெக்டராக இருக்கலாம், எம்பியுவுக்குப் போகும் ஜே114 ஆக இருக்கலாம். இடைச்செருகு போர்டு ரெகுலேட்டரின் வேலையை எளிதாக்குமே தவிர, சூடாகிக்கொண்டிருக்கும் கனெக்டரை ஆற்றாது. நோயின் குறி மறைந்துவிடும், கனெக்டர் உள்ளே வெந்துகொண்டே இருக்கும். முதலில் ஜே101-ஐக் கழற்றிப் பாருங்கள்.

#12 நீலக்குமிழ் (மிசிசாகா)

கண்டுபிடித்துவிட்டேன். பந்து பட்டதும் உதைத்துத் தள்ளும் ஒரு பம்பரின் காயில் 1 ஓம்தான் காட்டுகிறது. சுற்றியிருந்த காகிதம் கருகி, காயிலின் பிளாஸ்டிக் உருகி, உள்ளே போகும் இரும்புத் தண்டு அசையவே மறுக்கிறது. ஆடுதளத்தின் 1 ஆம்பியர் ஃபியூஸ் இடத்தில் 10 ஆம்பியர். அந்தக் காயிலை இயக்கும் டிரான்சிஸ்டரை அளந்தால் இரண்டு பக்கமும் சுழி.

#13 மின்மாற்றி (சிகாகோ)

எல்லாம் தெளிவாகிவிட்டது. டிரான்சிஸ்டர் குறுக்குச்சுற்றாகிப் போனது. சுவிட்ச் போட்ட நொடி முதல் காயில் விடாமல் இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு நொடியில் சிறு பங்கு நேரம்தான் அது மின்சாரத்தைத் தாங்கும், தொடர்ந்து கொடுத்தால் அடுப்பாகிவிடும். 1 ஆம்பியர் ஃபியூஸ் அதைத் தடுத்து நிறுத்தியது. யாரோ ஒருவர், சின்ன ஃபியூஸ் தொல்லை கொடுக்கிறது என்று 10 போட்டார். அடுத்து எஃப்4 போனது, அதற்கு 15 போட்டார். ஃபியூஸ் சொன்ன உண்மையை யாரும் கேட்கவில்லை. இதை எங்கே பார்த்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. அந்த 15 ஆம்பியரும் போகாமல் இருந்திருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்திருக்கும், வீடும் எரிந்திருக்கலாம்.

டிரான்சிஸ்டர் பழைய எஸ்இ9302. அதற்கு டிஐபி102 போடுங்கள், வலுவானது. காயிலைப் புதிதாக மாற்றுங்கள், அதன் முனைகளுக்கு நடுவே இருக்கும் 1என்4004 டயோடையும் சேர்த்து. டயோடின் பட்டைக்கோடு மின்சாரம் வரும் பக்கம் இருக்க வேண்டும். டயோடு அறுந்திருந்தால் காயில் விடுபடும் ஒவ்வொரு முறையும் எழும் எதிர் அடி நேராக டிரான்சிஸ்டரைத் தாக்கும். பம்பரின் சுவிட்ச் தகடுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

#14 ஈயப்பற்று (நியூ ஜெர்சி)

புதிய போர்டு இரண்டும் வாங்கியிருந்தாலும் இந்தக் காயில் அப்படியேதான் இருந்திருக்கும், உண்மை. ஆனால் ஃபியூஸ் கிளிப்புகளை மாற்றச் சொல்லி வற்புறுத்துகிறேன். ஃபியூஸை எடுக்கும்போது கையில் அழுத்தம் தெரியாமல் வழுக்கி வந்தால் அந்தக் கிளிப் தேறாது. 20 ஆம்பியர் இடத்தில் இருப்பதை முதலில் மாற்றுங்கள்.

#15 கதிரொளி (பெர்லின்)

ஜே101-இல் இரண்டு ஊசிகள் பழுப்பு நிறம். ஊசிகளையும் தகடுகளையும் மாற்றினேன், ஃபிளிப்பர் அடித்தால் இப்போது நிற்பதில்லை. இடைச்செருகு போர்டு வாங்கவில்லை. மிக்க நன்றி ஐயா.

#16 நீலக்குமிழ் (மிசிசாகா)

ஏழு மின்னலும் வந்தன! 1 ஆம்பியர், 5 ஆம்பியர் இரண்டும் சரியான இடத்தில் நிற்கின்றன. ஆட்டம் தொடங்குகிறது. எண்காட்டிகளில் ஒன்றில் மட்டும் ஓர் இலக்கம் மங்கல், மற்றவை ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று எரிகின்றன. ரெகுலேட்டர் போர்டில் எண்காட்டிகளுக்கான டிபி2-இல் 192 வோல்ட் இருக்கிறது. இதை இப்படியே விடலாமா?

#17 மின்மாற்றி (சிகாகோ)

ஏட்டில் இருப்பது 190, ஆகவே தவறில்லை. ஆனாலும் 170-க்குப் பக்கத்தில் இறக்கிவிடுங்கள். அந்த போர்டிலேயே திருகு ஒன்று இருக்கும். காப்பிட்ட பிடியுள்ள திருப்புளியால், ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, மெல்லத் திருப்புங்கள். எண்காட்டிகளின் ஆயுள் கூடும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இறக்கிய பிறகு அந்த மங்கல் இலக்கம் அணைந்தே போனால் 175-க்கு ஏற்றிப் பாருங்கள். எண்காட்டியின் கனெக்டரை மின்சாரம் இருக்கும்போது மட்டும் கழற்றிவிடாதீர்கள், அதன் டிரைவர் சில்லு போய்விடும்.

எம்பியு போர்டில் பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் இன்றே வெட்டி எடுங்கள். கசிந்த இடத்தின் படத்தை வேறோர் இழையில் போடுங்கள், அங்கே பார்க்கலாம்.